இருநூத்திப் பதினாலு பூராவும்

வாங்க தம்பி. அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதை இழுத்துப் போட்டுக்குங்க. காப்பியா, மோரா? ரெண்டும் வேண்டாங்காதீங்க. கையெழுத்துக் கேட்டு வந்த மனுசன் ஒன்னும் குடிக்காமப் போனா, மில்லுக்காரம்மா வாசல்லயே வெரட்டி உட்டுட்டாங்கன்னு தெருவுல பேசுவாங்க. இப்பப் பேசற பேச்சே போதும்.

ஃபைலை மடியிலயே வெச்சுக்குங்க. நான் இன்னும் கண்ணாடி போடல. என்ன பேப்பருன்னும் எனக்குத் தெரியும். எதுத்த வீட்டு டைலர்ப் புள்ள பிரேமா நேத்தே வந்து சொல்லீட்டா. நீங்க மூலை வீட்டை வாங்குனீங்க. கீழ பேக்கரி, மேல குடித்தனம்னு கணக்குப் போட்டு வாங்குனீங்க. வாங்குன பொறவு நகராட்சியில போய்க் கேட்டா, இந்தத் தெரு குடியிருப்புப் பகுதி, இங்க அடுப்பு வெச்சுப் பன்னு சுடறதெல்லாம் ஆகாதுன்னுட்டாங்க. அதனால தெருவையே கலப்புப் பகுதியா மாத்தச் சொல்லி மனு எழுதி, பதினோரு வீட்டுல கையெழுத்து வாங்கீட்டீங்க. கொண்டு போய்க் குடுத்தா, பழைய ஃபைல்ல என்ற மனு மேலயே இருக்குது. இந்தம்மா கேட்டுத்தான் இது குடியிருப்பாச்சு, இந்தம்மாவே ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் ஃபைல் நகரும்னு சொல்லீட்டாங்க. சரிதானுங்களே?

ஆக பன்னெண்டாவது கையெழுத்து என்றது. அது இல்லைன்னா மத்த பதினொன்னும் செல்லாக்காசு.

நீங்க உக்காந்திருக்கற இடம் என்னன்னு தெரியுமுங்களா? இது வந்தவிங்க உக்கார்ற ஆசாரம், முன்கூடம் இல்லீங்க, மில்லு. மேல பாருங்க, பதினாறு அடி உசரம், தகரச் சீட்டுக் கூரை. ஒரு சன்னல் இருக்குதான்னு தேடிப் பாருங்க. இருக்காது. மாவு பறக்கும்னு எங்க மாமனாரு சன்னலே வெக்காமக் கட்டுனாரு. அந்தச் சாக்கைத் தூக்குனீங்கன்னா மாவு மிசின், அதுக்குப் பக்கத்துல மொளகா மிசின், மூலையில பத்து எச்.பி. மோட்டாரு. அந்தக் கதவைத் தாண்டுனா ஒரே ஒரு ரூம்பு, ஒரு சமையக்கட்டு. அவ்வளவுதான் வீடு. இதைப் போயி மேப்புல மஞ்சக் கலர் அடிச்சுக் குடியிருப்புங்கறாங்க. மோட்டாரோட ஆருங்க குடியிருப்பா? நான்தான் ஒத்தையில இருக்கறன், மூனு வருசமா.

மக திருச்செங்கோட்டுல இருக்கறா. வித்துட்டு வந்துரும்மாங்கறா. விக்கறதுக்கு என்ன, கத்திரிக்காயா? வீடு வேணும்னு வர்றவிங்க இந்தக் கூரையை அண்ணாந்து பாத்துட்டு, இதை இடிக்கறதுக்கே ஒரு வருசம் ஆகும்னு போயிர்றாங்க. மில்லு வேணும்னு வர்றவிங்க லைசென்ஸ் எங்கன்னு கேக்கறாங்க. போன ஆடியில ஒருத்தரு குடோனாவாச்சும் வெச்சுக்கறன்னு வந்தாரு. குடோனும் ஆகாதாமா. வாடகைக்கு உடலாம்னா பத்து எச்.பி. மோட்டாருக்குப் பக்கத்துல ஆரு பாயை விரிப்பாங்க? அதனால விக்கவும் ஆகல, ஓட்டவும் ஆகல, உட்டுட்டுப் போகவும் ஆகல. அப்படியே கெடக்கறன்.

அட, அப்படி மாட்டுனது ஆராலன்னு கேளுங்க. பக்கத்துப் பட்டறைக்காரனால. சென்னியப்பனால. உங்க பேப்பர்ல மொதல் கையெழுத்தே அவனுதுதானுங்களே? எனக்குத் தெரியும். அவன்தான் மொதல்ல போடுவான். நல்ல பேரு எடுக்கறதுன்னா எங்க இருந்தாலும் ஓடி வந்துருவான்.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப பக்கத்துல வெறும் பொட்டல். நாங்க மட்டுந்தான். வெடியால ஆறு மணிக்கே பொம்பளைங்க வாளியும் தூக்குப்போசியுமா வரிசையில நிப்பாங்க. கம்பு, களி கிண்ட ராயி, தலைக்குத் தேய்க்கற அரப்பு, சீயக்காய், மல்லி, மொளகா. எதுக்கு அப்பறம் எதைப் போடணும்னு ஒரு கணக்கு இருக்குதுங்க. அரிசி மொதல்ல, மத்ததெல்லாம் பொறவு. சீயக்காயி அரைச்ச மிசின்ல அடுத்தாளு அரிசியைப் போட்டா சும்மா உடுவாளா அவ? அதனால நடுவுல நம்ம அரிசி ரெண்டு கையி போட்டு ஓட்டி, கல்லைத் தொடச்சு உடோணும். நான் அதுல ஒரு நாளும் தப்பு உட்டதில்லை. ஆரை வேணும்னாலும் கேளுங்க.

இருபத்தொரு வருசத்துக்கு முன்னாடி அந்தப் பொட்டலை வாங்கி லேத்துப் பட்டறை போட்டான் இவன். அப்ப மீசை கூட ஒழுங்கா மொளைக்கல. ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிசின். இரும்பு மேல இரும்பு உரசுற சத்தம் எப்படி இருக்கும்? பல்லு கூசும். காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சான்னா பொழுதோட ஆறு மணி வரைக்கும். நான் போயி சொன்னன். சென்னியப்பா, மனுசங்க குடியிருக்கற எடம் இதுன்னு. அவன் சிரிச்சுட்டு, உங்க மில்லும் ஓடுதுங்களேக்கா அப்படின்னான். மில்லுச் சத்தமும் லேத்துச் சத்தமும் ஒன்னுங்களா? மில்லுச் சத்தம் சோத்துச் சத்தம். அது காதுக்கு வலிக்காது. எனக்கு வலிச்சதே இல்லை.

கெட்டவன்னு சொல்ல மாட்டன். அப்படிச் சொன்னா வாய் வெந்துரும். ஒருக்கா மில்லுல கல்லைச் சுத்தற இரும்புச் சாஃப்டு வளைஞ்சு போச்சு, தைப்பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்குது, வரிசையில நாப்பது வாளி நிக்குது. ராத்திரியோட ராத்திரியாக் கடைஞ்சு கொண்டாந்து மாட்டிக் குடுத்தான். எவ்வளவுப்பான்னா, அதெல்லாம் வேண்டாமுங்கக்கா, எங்கூட்டுக்கு ராயி அரைச்சுக் குடுங்க போதும்னான். எங்க வீட்டுக்காரரை மாமா மாமான்னு கூப்புடுவான். ஒறவு ஒன்னுமில்லை, சும்மா. அந்த நல்லவனாட்டம் இருக்கறதுதான் எனக்கு ஆகறதில்லை. ஒருத்தன் அடாவடியா இருந்தா ரெண்டு வார்த்தை வஞ்சுட்டு நிம்மதியாத் தூங்கலாம். இவனைத் திட்டறதுக்கு வாயெடுத்தா நமக்கே ஒரு மாதிரி இருக்குது.

அப்பறம் நகராட்சியில புது மாஸ்டர் பிளான் போடறாங்கன்னு சொன்னாங்க. மேப்பு ஒட்டி வெச்சிருந்தாங்க, அறுபது நாளைக்குள்ள ஆட்சேபனை இருந்தாச் சொல்லலாம்னு. நான் போய்ப் பாத்தன். நம்ம தெருவுக்குக் கலப்புன்னு போட்டிருந்துது. அதாவது எல்லாரும் எல்லாம் பண்ணலாம். அங்க ஒரு அம்மிணி, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்த சின்னப் புள்ள, குடியிருப்புன்னு ஆனா லேத்துப் பட்டறை நடத்த முடியாதுங்கம்மான்னு சொல்லுச்சு. எனக்கு அது போதும். நேரா வெளிய வந்து, வேப்ப மரத்தடியில மனு எழுதிக் குடுக்கறவருகிட்ட உக்காந்தன்.

அவரு கேட்டாரு, சர்வே நம்பரு என்னம்மான்னு. இருநூத்திப் பதினாலுன்னன். உட்பிரிவு என்னன்னாரு. இந்தத் தெரு ரெண்டு பக்கமும் முன்னாடி ஒரே காடு தம்பி. எல்லாமே இருநூத்திப் பதினாலுதான். அப்பறம் பிரிச்சுப் பிரிச்சு வித்ததுல ஆளாளுக்கு ஒரு உட்பிரிவு. எங்குளுது மூனு ஏ. அவனுது மூனு பி. நான் யோசிச்சன். மூனு பின்னு மட்டும் எழுதுனா, ஓரத்துல ரெண்டடி மூனு சீயில இருக்குதுன்னு காட்டி நழுவீருவான். அவன் படிச்சவன், அவனுக்கு அளவெல்லாம் தெரியும். அதனால உட்பிரிவெல்லாம் வேண்டாம், இருநூத்திப் பதினாலு பூராவும் குடியிருப்பா அறிவிக்கணும்னு எழுதுங்கன்னன். அவரு பேனாவை நிறுத்தி, பூராவுமாங்கம்மான்னாரு. பூராவும்னன். ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் பூராவும்னுதான் சொன்னன்.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி, சரி.

மூனு ஏயும் அதுக்குள்ளதானே இருக்குதுன்னு கேக்கறீங்க. இருந்தா என்னங்க? நாப்பத்தஞ்சு வருசத்து மில்லு. ஊருக்கே மாவு அரைச்ச மில்லு. அதைப் போயி ஆராச்சும் தொழிற்சாலைம்பாங்களா? எனக்குத் தோணவே இல்லை.

ஒன்றரை வருசம் கழிச்சு கெசட்டுல வந்துருச்சு. ரெண்டு பேருத்துக்கும் நோட்டீசு. அளவெடுக்க வந்தவிங்க மொதல்ல அவன் பட்டறைக்குத்தான் போனாங்க. நான் இந்த வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தன். அவன் ஒரு ஃபைலை எடுத்துக் குடுத்தான். பட்டறை போட்ட அன்னையில இருந்து வருசா வருசம் லைசென்ஸ் புதுப்பிச்ச ரசீது, வரிசையா, பிளாஸ்டிக் கவர் போட்டு. அவிங்க பாத்துட்டு, பிளான் வர்றதுக்கு முன்னாடியே முறையா நடக்கற தொழில், இப்படியே நடத்திக்கலாம், பெருசாக்க மட்டும் கூடாதுன்னு சொல்லீட்டுப் பொறப்பட்டாங்க. அப்பறம் இங்க வந்தாங்க. லைசென்ஸ் குடுங்கம்மான்னாங்க. எங்க மாமனாரு பேர்ல ஒன்னு இருந்துது, கரையான் அரிச்சது. அவரு போயே இருபத்திரண்டு வருசம். அதுக்கப்பறம் ஆரு புதுப்பிச்சா? மாவு மில்லுக்கு வந்து ஆருங்க லைசென்ஸ் கேப்பாங்க? இப்பப் புதுசா எழுதிப் போடறன்னன். குடியிருப்புல இத்தனை பெரிய மோட்டாருக்குப் புதுசாக் குடுக்க வழியில்லீங்கம்மான்னாங்க. பதினஞ்சு நாள்ல மில்லுக் கரண்டு லைனைக் கழட்டீட்டாங்க.

அப்பப் பாருங்க, பட்டறை ஓடுது, மில்லு நின்னு போச்சு. அந்த லேத்து இப்பவும் ஓடுது, கேக்குதுங்களா? நீங்க வந்ததுல இருந்து நிக்கல. இதுக்கா நான் வேப்ப மரத்தடியில போயி உக்காந்தன்?

பிரேமா கடை போர்டைக் கழட்டி உள்ள வெச்சுட்டா. தெருக் கோடியில ஒருத்தரு மெஸ் போடறன்னு அடுப்பெல்லாம் வாங்குனாரு, போடல. ரெண்டு பேரும் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. நான் என்ன பிரேமா மேலயா எழுதுனன்? நான் எழுதுனது பட்டறை மேல. அவிங்கெல்லாம் உள்ள வந்துட்டா அதுக்கு நான் என்ன பண்ண?

லைனைக் கழட்டுன மறுநாளே சென்னியப்பன் வந்தான். வாசப்படிக்குக் கீழயே நின்னான். அக்கா, திரும்ப மாத்தச் சொல்லி ஒரு மனுக் குடுங்க, நானும் கையெழுத்துப் போடறன், நாலு பேர்த்துக்கிட்ட நானே வாங்கித் தாறன்னான். நான் மனுக் குடுத்ததே அவன் மேலதான்னு அவனுக்குத் தெரியாதுங்களா? நோட்டீசுல என்ற பேரு எழுதியிருக்குது. தெரிஞ்சுட்டேதான் வந்து நிக்கறான். நான் கதவைச் சாத்தீட்டன்.

என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாக் கேளுங்க.

ஆமாங்க. பதினெட்டு வருசமா அந்தச் சத்தம் இருந்துதுதான். அப்பறம் ஏன் அந்த வருசம் போயி எழுதுனன்னு கேக்கறீங்க. மாவு பெசையற கைன்னாலும் நல்லாத்தான் கேக்கறீங்க.

எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருசம் படுக்கையில இருந்தாருங்க. அந்த ரூம்புலதான். வலது பக்கம் பூரா உழுந்து போச்சு. பேச்சு கொழறும், ஆனா எனக்குப் புரியும். தண்ணி வேணும்னாலும், திருப்பிப் படுக்க வெக்கணும்னாலும், ஏ புள்ளைன்னு கூப்புடுவாரு. மில்லு ஓடிட்டிருக்கறப்ப வாளிக்கும் வாளிக்கும் நடுவுல மோட்டாரை நிறுத்தி ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வருவன். அப்படித்தான் ரெண்டு வருசமும் ஓட்டுனன். மில்லு ஓடுனாத்தானே மருந்து.

அன்னிக்கு ஆயுத பூசை. நம்ம ஊர்ல அன்னிக்கு ஆரும் மிசினைத் தொட மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். கழுவித் தொடச்சு, சந்தனப் பொட்டு வெச்சு, பூப் போட்டு நிறுத்தீருவாங்க. பட்டறையும் லீவு. ஆமாங்க, லீவுதான். நான் பொய் சொல்ல மாட்டன். சென்னியப்பன் வெடியாலயே லேத்தையெல்லாம் கழுவீட்டு வாசல்ல மாவெலை கட்டிட்டிருந்தான். நானும் மில்லைக் கழுவறதுக்குத் தண்ணி புடிச்சு வெச்சுட்டன். அப்பப் பாத்து ஒரு அம்மா ரெண்டு வாளி பச்சரிசியோட வந்து நின்னாங்க. ஊட்டுல வளைகாப்பு, நாளைக்குப் பலகாரம் சுடோணும், ஒரு எடத்துலயும் மில்லு ஓடல, நீங்கதான் தாயின்னு கையப் புடிச்சுட்டாங்க. பொட்டு இன்னும் வெக்கலயே, அரை மணி நேரந்தானேன்னு மோட்டாரைப் போட்டன். பூசைக்கு நேரமாகுது, அதனால ரெண்டு வாளிக்கும் நடுவுல நிறுத்தல. ஒட்டுக்கா அரைச்சுட்டன்.

சென்னியப்பன் உள்ள ஓடி வந்தான். வாய் அசையுது, என்ன சொல்றான்னு எனக்குத் தெரியல. அவனே போயி மோட்டாரை நிறுத்துனான். அக்கா, மாமா கூப்புடறாருன்னான்.

வாந்தி எடுத்துப் பொரை ஏறியிருக்குது. ஒருச்சாயத் திரும்ப முடியல. சென்னியப்பன்தான் தூக்கிப் பட்டறை ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அங்க டாக்டரு, ஒரு பத்து நிமிசம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்னு மட்டும் சொன்னாரு. அப்பறம் சாவு வீட்டுல சென்னியப்பன் அழுதுட்டே சொல்றான், மூனு நாலு தடவை கூப்புட்ட சத்தம் கேட்டுதுக்கா, நீங்க பக்கத்துல இருக்கறீங்க, போயிருப்பீங்கன்னு நெனச்சன்னு.

காம்பவுண்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கம் மாவெலை கட்டிட்டு நின்னவனுக்குக் கேட்டுதுங்க தம்பி. இந்தக் கதவுகிட்ட நின்ன எனக்குக் கேக்கல.

ஏன் கேக்கல? பதினெட்டு வருசம் அந்த லேத்துச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என்ற காது செத்துப் போச்சு. வேற என்னங்க காரணம் இருக்கும்? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச வாரத்துலதான் மேப்பு ஒட்டுனாங்க. அதான் போயி எழுதுனன். பூராவும்னு எழுதுனன்.

நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கறீங்க? உங்களுக்கு எங்க வீட்டுக்காரரைத் தெரியவே தெரியாது.

குடுங்க, அந்தப் பேப்பரைப் பாக்கறன். ம். நல்ல எழுத்து. பிரேமா பேரு இருக்குது. மெஸ்காரரு இருக்கறாரு. சென்னியப்பன் பேருக்கு நேரா என்னமோ சின்னதா எழுதியிருக்குதே, படிங்க. "சர்வே எண் 214/3ஏ-இல் உள்ள மாவு மில் மீண்டும் இயங்க எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை." இதை ஆரு எழுதச் சொன்னா அவனை? நீங்க சொல்லலையா? அவனாவே எழுதுனானா.

இந்தப் பேனா எழுதுமுங்களா? இருங்க. எங்க போடணும், இங்கதானுங்களே?

இல்லீங்க தம்பி. பேனாவைப் புடிங்க.

நீங்க மெதுவாத்தான் சொல்றீங்க, ஆனா எனக்குப் புரியுது. இப்ப அந்த ரூம்புல ஆரும் இல்லையேக்கா, இனிமே மில்லு ஓடுனா என்னங்கறீங்க. உங்க பேக்கரியும் வந்துரும், பிரேமா போர்டும் வந்துரும், எனக்கும் நாலு மனுசங்க வாசல்ல நிப்பாங்க. எல்லாம் நெசந்தான். எனக்கு வேண்டாம்னா இருக்குது? வெடியால எந்திரிச்சா ஒரு வேலையில்லை. இந்த மிசினுக்குச் சாக்கைப் போத்தி வெச்சுட்டு அது மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கறன். கதவைத் தொறந்து வெச்சிருந்தாலும் நான் எங்கயும் போறதில்லை.

ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க படிச்சவரு. கையெழுத்துப் போட்டாச்சு, லைன் குடுத்தாச்சு, மோட்டாரு ஓடுதுன்னு வெச்சுக்குங்க. நான் அந்த மிசின்கிட்ட நிக்கறன். அப்ப ஆராச்சும் ஒருத்தரு, என்ற மகளே வந்திருக்கறான்னு வெச்சுக்குங்களேன், அந்த ரூம்புல இருந்து அம்மான்னு கூப்புடுவா. கூப்புடாம இருப்பாளா? என்னிக்காச்சும் ஒரு நாள் கூப்புடுவா.

அது எனக்குக் கேக்கலைன்னா சரி. அன்னிக்கும் அப்படித்தான் கேக்கலைன்னு இருந்துக்குவன். கேட்டுதுன்னு வெச்சுக்குங்க. இந்த மோட்டாரு ஓடறப்பவே கேட்டுதுன்னு வெச்சுக்குங்க. அப்ப நான் என்னங்க தம்பி பண்ணுவன்? அன்னிக்கு அவரு கூப்புட்டது கேட்டும் பூசைக்கு நேரமாச்சுன்னு நின்னனா, நாளைக்கும் கூப்புடுவாருதானேன்னு நின்னனா, என்னன்னு அப்ப எனக்குத் தெரிஞ்சு போயிருமுங்களே.

வேண்டாம், எடுத்துட்டுப் போங்க. பன்னு சுட வேற எடம் கெடைக்கும் உங்களுக்கு, வயசு இருக்குது. தெருவுல என்னை என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும். சென்னியப்பன் வாசல்லதான் நின்னுட்டு இருப்பான், நீங்க வெளிய வர்றதைப் பாத்துட்டு. அக்கா போடலைன்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு கேக்க மாட்டான், அவனுக்குத் தெரியும்.